இரண்டு வவ்வால், இரண்டு குலம்

காசிமேட்டு மீன் சந்தையில் வெள்ளை வவ்வாலும் கருப்பு வவ்வாலும் பக்கத்துப் பக்கத்துக் கூடைகளில் கிடக்கும். இரண்டுக்கும் தட்டையான உடல், சின்ன வாய், பிறை போல் பிளந்த வால். நிறத்தை விட்டால் அண்ணன் தம்பி என்றே தோன்றும். மரபணு சொல்லும் உறவோ வேறு. வெள்ளை வவ்வாலுக்குச் சொந்தம் வஞ்சிரமும் சூரையும் காணாங்கெளுத்தியும். கருப்பு வவ்வால் பாரைக் குடும்பத்தைச் சேர்ந்தது.

1795இல் கருப்பு வவ்வாலுக்கு அறிவியல் பெயர் வைத்தவர் ஜெர்மானிய மருத்துவர் மார்கஸ் எலியேசர் பிளாக். தரங்கம்பாடியில் இருந்த மிஷன் பாதிரியார் அனுப்பிய மீன்களையும் ஆராய்ந்தவர் அவர். கருப்பு வவ்வாலை அவர் சேர்த்தது அன்று வெள்ளை வவ்வால் இருந்த பேரினத்திலேயே. உருவம் அப்படி ஏமாற்றியது. பின்னால் வந்தவர்கள் கூர்ந்து பார்த்தார்கள். வால் தொடங்கும் இடத்தில் பாரைக்கு இருப்பது போன்ற கெட்டிச் செதில்கள் தெரிந்தன. வளர்ந்த மீனில் காணாத வயிற்றுத் துடுப்பு குஞ்சில் இருந்தது. இருந்தும் எந்தக் குடும்பத்தில் வைப்பது என்று நெடுங்காலம் கருத்து வேறுபாடு. அதைத் தீர்க்க உருவத்துக்கு அப்பால் ஒரு சாட்சி தேவைப்பட்டது.

அந்தச் சாட்சிதான் டிஎன்ஏ. ஓலைச்சுவடியைப் படியெடுக்கும்போது ஒருவர் செய்த பிழை அடுத்தடுத்த படிகளிலும் தொடரும். ஒரே பிழை உள்ள சுவடிகள் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று பதிப்பாசிரியர் கண்டுகொள்வார். மீனிலும் அதே தர்க்கம்தான். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சுமார் 16,500 எழுத்துகள் கொண்ட தனி டிஎன்ஏ வளையம் உண்டு. அதில் சுமார் 650 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டே பெரும்பாலும் இனத்தை அடையாளம் காணப் போதும். குலமரம் வரைய இன்னும் நீண்ட பகுதிகள் வேண்டும். எந்தெந்த மாற்றம் எவரெவருக்குப் பொது என்று கணக்கிட்டுக் கிளைகளை அமைக்கிறார்கள். கிளை பிரிந்த காலத்தைப் புதைபடிவங்களைக் கொண்டு கணிக்கிறார்கள்.

ஜப்பானின் சிபா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மசாகி மியாவின் குழு 2013இல் வெளியிட்ட முடிவு வியப்பானது. சூரை, வஞ்சிரம், காணாங்கெளுத்தி அடங்கிய குடும்பத்தோடு வேறு 14 குடும்பங்களும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை. கயிறாய் நீண்ட சாவாளையும், வட்டத் தட்டாய் இருக்கும் வெள்ளை வவ்வாலும், எறிகணை போன்ற சூரையும் உடன்பிறப்புகள் என்று உடலை மட்டும் பார்த்து எவரால் சொல்ல முடியும்? டைனோசர்களை அழித்த 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவு கடலிலும் பெரிய வேட்டை மீன்கள் பலவற்றைத் துடைத்துப்போட்டது. காலியான அந்தத் திறந்த கடலில் இந்தக் குலம் பல வடிவங்களாகப் பெருகியது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

மறுபக்கக் குலம் இன்னும் விசித்திரமானது. பாரை, கருப்பு வவ்வால், கொடுவா, கடல் விரால் ஆகியவற்றோடு மயில் மீனும் அதில் இருக்கிறது. சேற்றில் ஒட்டிக் கிடந்து, இரண்டு கண்ணையும் ஒரே பக்கம் வைத்திருக்கும் நாக்கு மீனும் அதில்தான். மயில் மீனை முன்பு சூரையோடு சேர்த்து வைத்திருந்தார்கள்: இரண்டும் விரைந்து நீந்துபவை, இரண்டும் உடலின் ஒரு பகுதியையாவது கடல்நீரைவிடச் சூடாக வைத்திருப்பவை. 2010இல் கனடா ஆய்வாளர்கள் மயில் மீன் வகையை நாக்கு மீன் வகைக்கு அருகே கொண்டுபோனார்கள். சூட்டைப் பெறும் வழியும் வேறுதான். சூரை, நீந்தும் தசையில் பிறக்கும் வெப்பத்தைப் பின்னிய ரத்தக் குழாய்களால் வெளியேறாமல் காக்கிறது. மயில் மீனிலோ கண்ணை அசைக்கும் தசை ஒன்று வெப்பம் தரும் உறுப்பாக மாறி மூளையையும் கண்ணையும் சூடாக்குகிறது. ஒரே தேவைக்கு இயற்கை இரண்டு முறை, இரண்டு விதமாக வழி கண்டிருக்கிறது.

மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் நம்பினாலும் வழுக்கும். அது தாய்வழி மட்டுமே வருவது. பசிபிக் நீலத்துடுப்புச் சூரையின் மைட்டோகாண்ட்ரியா அல்பகோர் சூரையுடையதைப் பெரிதும் ஒத்திருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995இல் காட்டினார்கள். உட்கரு டிஎன்ஏவோ அதை அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரைக்கே நெருக்கமாக வைக்கிறது. என்றோ நடந்த கலப்பில் ஒரு தாய்வழி உள்ளே நுழைந்துவிட்டது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். அதனால்தான் இன்று உட்கருவின் நூற்றுக்கணக்கான மரபணுக்களையும் சேர்த்துப் படிக்கிறார்கள்.

இதெல்லாம் ஆய்வுக்கூடத்தோடு முடிகிற செய்தி அல்ல. நம் வெள்ளை வவ்வாலை ‘பாம்பஸ் அர்ஜென்டியஸ்’ என்றே பாடநூல்கள் எழுதிவந்தன. 1788இல் அந்தப் பெயர் வைக்கப்பட்டது சீனக் கரையில் கிடைத்த மீனுக்கு. இந்திய மீன்களின் டிஎன்ஏவைச் சீன மீன்களோடு ஒப்பிட்டபோது இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்று தெரிந்தது. நம்முடையதற்கு ‘பாம்பஸ் கேண்டிடஸ்’ என்ற பழைய பெயரை மீட்டிருக்கிறார்கள். ஒரு மீன் எந்த அளவில் முதிர்கிறது, எந்த மாதத்தில் முட்டையிடுகிறது என்பது இனத்துக்கு இனம் மாறும். சீனக் கடல் மீனின் கணக்கை வைத்து நம் கடலில் வலைக்கண் அளவையும் பிடிக்கும் அளவையும் வகுப்பது தவறு. மீன்வளத் துறைகள் விதிகளை எழுதும் முன் எந்த இனத்துக்கு எழுதுகிறோம் என்பதை மரபணு கொண்டு உறுதிசெய்ய வேண்டும். நம் மீனின் முதிர்ச்சியையும் முட்டையிடும் காலத்தையும் நம் கரையிலேயே அளக்க வேண்டும்.