கல்லறை மதிலோரம் ஒரு நடை

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிழக்குப் பக்கம் இருக்கிறது பாயில் ஹைட்ஸ். மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பேட்டை. பூங்காவுக்குப் பஞ்சம். அதனால் நடக்க நினைத்தவர்கள் 1877-இல் அமைந்த எவர்கிரீன் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி, விரிசல் விட்ட நடைபாதையிலேயே நடந்தார்கள். ஊர்க்காரர்கள் கேட்டு வாங்கியதுதான் 2003-இல் அங்கே போட்ட ரப்பர் பாதை. ஒரு சுற்று ஏறக்குறைய ஒன்றரை மைல்.

அன்று எத்தனை சுற்று என்பதுதான் கணக்கு. விடியலில் எழுப்பிவிட்டவள் கொமாத்ரே. பிள்ளையின் ஞானத்தாயை அப்படித்தான் அழைப்பார்கள். உயிர்த் தோழிக்கும் அதே பெயர். தெருமுனையில் அவள் நிற்கிறாள் என்றால் போர்வைக்குள் கிடக்க மனம் வருமா?

நடந்தாக வேண்டிய காரணமும் உண்டு. நீரிழிவை இவர்கள் பேச்சுவழக்கில் 'அசூகார்' என்பார்கள். நம் வீடுகளில் சொல்கிறோமே, அதே 'சர்க்கரை'தான். இரண்டாம் வகை நீரிழிவு வாழ்நாளில் வரும் வாய்ப்பு அமெரிக்கப் பெரியவர்களுக்குப் பொதுவாக 40 சதவீதம். இவர்களைப் போன்ற ஸ்பானிய மொழி மரபுள்ள ஹிஸ்பானிக் மக்களுக்கு 50 சதவீதத்துக்கும் மேல் என்கிறது அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம்.

2008-இல் ஆப் ஸ்டோர் வந்தது, அடுத்த ஆண்டே நடை, ஓட்டத்தைப் பதியும் செயலியான ஸ்ட்ராவா. இன்று எண்ணும் வேலையைக் கைப்பேசி எடுத்துக்கொண்டது. வீட்டில் பிராட்பேண்ட் இல்லாமல் கைப்பேசி இணையத்தையே நம்பியிருப்பவர்கள் வெள்ளையரைவிட ஹிஸ்பானிக் மக்களிடையே அதிகம். ஆகவே செயலி கைக்கு எட்டிவிட்டது. மனதுக்கு எட்டியதா?

ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்யும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். நாளெல்லாம் குனிந்து, மெத்தையைத் தூக்கி விரிப்பு மாற்றி, தண்டவாளம் போல நீளும் வராந்தாவில் வண்டி தள்ளுகிறாள். கைப்பேசி லாக்கரில் கிடக்கிறது. மாலையில் எடுத்துப் பார்த்தால் காலடிக் கணக்கு முந்நூறைத் தாண்டியிருக்காது. இலக்கை எட்டவில்லை என்கிறது திரை. இடுப்பு ஒடிய உழைத்தவளிடம் சொல்கிற சொல்லா இது? எனக்கு மனம் ஆறவில்லை.

ஆனால் அதே கைப்பேசியில், வாட்ஸ்அப்பில், ஸ்பானிய மொழியில் ஒரு குரல் வருகிறது: "கீழே வந்துட்டேன் கொமாத்ரே, எங்கே இருக்கே?" அவள் ஷூவுக்குள் காலை நுழைக்கிறாள். காலடி எண்ணும் செயலியைத் திறப்பது திரும்பி வந்த பிறகுதான், அன்றைய எண்ணைத் தோழிக்குப் படம் பிடித்து அனுப்ப.