வடிகாலின் கடைசி முனை



நினைவுச் சொற்பொழிவு மேடையில் இன்று வாய்க்காலையும் சாக்கடையையும் பற்றிப் பேசப் போகிறோம். கவிதை கேட்க வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தெருவுக்குள் தண்ணீர் புகுந்தால் நம் வீடுகளில் முதலில் நனைவது தரையில் அடுக்கிய புத்தகமும், டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பள்ளிச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும்தான். அந்த வகையில் இது இலக்கியத்துக்கும் சம்பந்தமுள்ள விஷயம்.

வலங்கைமானிலிருந்தே தொடங்குவோம். திருக்காட்டுப்பள்ளி அருகே காவிரியிலிருந்து பிரிகிற குடமுருட்டி இவ்வூரை ஒட்டிப் போகிறது. டெல்டாவில் ஓடும் வாய்க்கால்கள் இரண்டு வகை. பாசன வாய்க்கால் மேட்டில் ஓடும். வயலுக்குத் தானாகப் பாய வேண்டுமென்றால் அது வயலைவிட உயரத்தில்தான் இருக்க முடியும். வடிகால் பள்ளத்தில் ஓடும். மிஞ்சிய நீரை வாங்கிக்கொண்டுபோய் ஆற்றிலோ கடலிலோ விடுவது அதன் வேலை. கோயிலும் ஊர்த்தெருவும் மேட்டில் அமைந்தன. நம் தெருக்கள் பெரும்பாலும் வயலைத் தாண்டி, பள்ளத்தில், வடிகால் கரையை ஒட்டி அமைந்தன. 1950களின் தொடக்கத்தில் தஞ்சைக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்த காத்லீன் கஃப், சேரி ஊரைவிட்டு வயல்களுக்கு அப்பால் தள்ளியிருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். தள்ளி வைத்தவர்கள் தீட்டை மட்டும் பார்க்கவில்லை, நிலமட்டத்தையும் பார்த்தார்கள் என்றே நாம் கருதுகிறோம். மழை நீர் ஏறாத நல்ல மேட்டை எந்த மிராசுதார் பண்ணையாளுக்குக் குடியிருக்கக் கொடுத்தார்?

பங்குனியில் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு, உயிரோடிருப்பவரைப் பாடையில் கிடத்தித் தூக்கிவரும் ஊர் இது. அடைமழைக் காலத்தில் டெல்டாவின் எத்தனையோ சேரிகளில் மெய்யான பாடையை இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித்தான் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

குடியிருப்புக்குள் வெள்ளம் வந்தால் பேரூராட்சியானாலும் மாநகராட்சியானாலும் சொல்கிற தீர்வு ஒன்றுதான்: தூர்வாரு, அகலப்படுத்து, இருபுறமும் கான்கிரீட் சுவர் எழுப்பு. தீர்வில் தவறில்லை. வேலையை எந்த முனையில் தொடங்குகிறார்கள் என்பதில்தான் நம் தெருவின் கதி இருக்கிறது.

ஒரு வாய்க்கால் எவ்வளவு நீரைக் கொண்டுபோகும் என்பது அதன் அகலம், ஆழம், தரையின் சரிவு, உட்புறச் சொரசொரப்பு ஆகியவற்றைப் பொறுத்தது. பொறியாளர்கள் இதை மேனிங் சூத்திரத்தால் கணக்கிடுவார்கள். கலைக்கல்லூரி மாணவர்கள் அதைக் கண்டு மிரள வேண்டியதில்லை, அது சொல்லும் செய்தி எளியது. அகலமான வாய்க்காலில் நீரோடும் ஆழம் வண்டலால் பாதியாகிவிட்டால், ஓட்டம் பாதியோடு நிற்பதில்லை. மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. அதன்மேல் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அடைத்துக்கொண்டால், மிஞ்சியதிலும் மூன்றில் ஒரு பங்கு போனாலே அதிகம். ஆகவே தூர்வாருவது உடனே பலன் தரும். ஆனால் வழியில் ஒரு சாலைக்கு அடியில் குறுகிய குழாய் ஒன்று இருந்தால், மேலே எவ்வளவு அகலப்படுத்தினாலும் அந்தக் குழாய் விடுகிற அளவுதான் கீழே போகும். மிச்சம் அங்கேயே தேங்கிப் பக்கத்துத் தெருவில் ஏறும்.

சரிவை மட்டும் யாராலும் உண்டாக்க முடியாது. கல்லணையிலிருந்து கடல்வரை நிலம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய அரை மீட்டர்தான் இறங்குகிறது. இப்படிப்பட்ட தட்டை நிலத்தில் வடிகாலின் விதியைத் தீர்மானிப்பது அதன் கடைசி முனை. ஆறு நிறைந்து போகும்போது அதன் நீர்மட்டம் வடிகால் வாயைவிட உயர்ந்துவிட்டால், வடிகால் வடியாது. மதகுப் பலகை சரியில்லை என்றால் ஆற்றுநீரே எதிர்த்து உள்ளே ஏறும். அந்த நேரத்தில் மேல்தெருக்களின் வாய்க்காலை மட்டும் கான்கிரீட்டால் வழவழப்பாக்கியிருந்தால் என்ன நடக்கும்? முன்பு பத்து மணி நேரத்தில் மெல்ல இறங்கிய மழைநீர் சில மணி நேரத்தில் கீழே வந்து சேரும். வெளியே போக வழியிருக்காது. மேல்தெரு காய்ந்துவிடும், கீழ்த்தெரு மூழ்கும். திட்ட அறிக்கையில் அது வெற்றி என்றே பதிவாகும்.

இதையே பெரிய அளவில் சென்னையில் பார்க்கலாம். நம் ஊர்களிலிருந்து பிழைக்கப் போனவர்களின் குடியிருப்புகள் வழியாகத்தான் அங்கும் தண்ணீர் போகிறது. ஓட்டேரி நல்லா என்பது சுமார் 10 கி.மீ. நீளமுள்ள ஓடை. வில்லிவாக்கம், அண்ணா நகர் பக்கத்து மழைநீரை வாங்கிக்கொண்டு, ஓட்டேரி, புளியந்தோப்பு வழியாகப் பேசின் பிரிட்ஜ் அருகே பக்கிங்காம் கால்வாயில் சேர்கிறது. புளியந்தோப்பு என்றால் இங்கிருப்பவர்களுக்கு 1921 நினைவுக்கு வரும்: பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது சேரிக் குடிசைகள் எரிந்த இடம். நெருப்பு ஒருமுறை வந்தது. தண்ணீர் பருவமழைதோறும் வருகிறது. மேல்பகுதியில் கூரையும் தார்ச்சாலையும் பெருகப் பெருக மண் உறிஞ்சுவது குறைந்து, ஓடைக்கு வரும் நீர் கூடிவிட்டது.

அந்த நீர் போய்ச் சேருமிடம் எப்படிப்பட்டது? பக்கிங்காம் கால்வாய் வடிகாலாக வெட்டப்பட்டதே இல்லை. 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் போவதற்காகத் தொடங்கியது அது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி 1876-78 பெரும்பஞ்சத்தில் நிவாரணக் கூலிகளைக் கொண்டு வெட்டப்பட்டது. கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை. படகுக் கால்வாய்க்குத் தரை சமமாக இருக்க வேண்டும். வடிகாலுக்குத் தரை சரிய வேண்டும். சமதரைக் கால்வாயில் நகரத்தின் மழைநீரை விட்டுவிட்டு, பிற்காலத்தில் நகரின் நடுப்பகுதியில் அதே கால்வாய்க்குள் பறக்கும் ரயிலின் தூண்களையும் நட்டார்கள். ஆக்கிரமிப்பு என்ற சொல்லை அந்தத் தூண்களுக்கு யாரும் பயன்படுத்தி நாம் கேட்டதில்லை.

அந்தச் சொல் கரையில் குடிசை போட்டவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. அதற்கு முன்பே, 2004 சுனாமிக்குப் பின், செம்மஞ்சேரியில் 6,764 வீடுகள் கட்டப்பட்டிருந்தன. இரண்டும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்ந்த பகுதிகள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி அழைத்துப்போன இடத்தில் மீண்டும் வெள்ளம் வந்தது. வேலை, பள்ளி, மருத்துவமனை மட்டும் பல கிலோமீட்டர் தூரமாகிவிட்டன.

டெல்டாவில் இதற்கு ஒரு சட்ட வரலாறும் உண்டு. மிராசுதார் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு 1971ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம் வீட்டுமனை உரிமை தந்தது. நீண்ட போராட்டத்தின் பலன் அது. ஆனால் வாய்க்கால் கரையிலும் ஆற்றுப் படுகையிலும் இருந்தவர்கள் அரசுப் புறம்போக்கில் இருந்தார்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்றால் பட்டா கிடையாது. ஊர் அவர்களை அங்கே தள்ளியது. தலைமுறை கழித்து அதே இடத்துக்காகச் சட்டம் அவர்களைக் குற்றவாளியாக்குகிறது.

களத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. வெண்ணாறு வடிநிலத்தில் அரிச்சந்திரா, அடப்பாறு, வெள்ளையாறு முதலியவற்றைச் சீரமைக்கும் திட்டமும், சென்னையில் கொசஸ்தலையாறு வடிநில மழைநீர் வடிகால் திட்டமும் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் எடுத்துக்கொள்ளப்பட்டவை. அவ்வங்கியின் 2009ஆம் ஆண்டுப் பாதுகாப்புக் கொள்கைப்படி, பட்டா இல்லாதவர்களுக்கும் அவர்கள் இழக்கும் வீட்டுக்கு இழப்பீடும் மறுகுடியமர்வு உதவியும் தர வேண்டும். கடன் கொடுப்பவனுக்கு நம்மீது பாசம் என்று நினைத்துவிடக் கூடாது. எழுத்தில் இருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

அம்பேத்கரை மகத் குளத்தோடு மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது அவர் தாமோதர், மகாநதி வெள்ளங்களைப் பற்றித் திட்டமிட்டார். 1945 நவம்பரில் கட்டாக்கில் பேசும்போது, கரை கட்டி நீரைக் கடலுக்குத் தள்ளும் வழியை ஏற்காமல், மிகுநீரைத் தேக்கிப் பயன்படுத்த வேண்டும் என்று வாதிட்டார். அந்த வழியில் வந்த பெரிய அணைகள் பழங்குடிகளையும் நம்மவர்களையும் இடம்பெயர்த்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆற்றைத் துண்டு துண்டாகப் பார்க்காமல் முழு வடிநிலமாகப் பார்த்ததே அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. நம் பேரூராட்சி வடிகாலுக்கும் அது பொருந்தும்.

வேலையைக் கடைசி முனையிலிருந்து தொடங்கி மேலே வர வேண்டும். முதலில் ஆற்றுவாய் மதகு, பிறகு குறுகிய பாலங்களும் குழாய்களும், கடைசியாக மேல்தெருவின் கான்கிரீட். இந்த வரிசையில்தான் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்களா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். வாய்க்காலின் நீள்வெட்டு வரைபடத்தைக் கேளுங்கள். அதில் தரைமட்டமும் ஆற்றின் வெள்ளமட்டமும் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

தூர்வாருகிறவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஊர்க் கழிவுநீரை மழைநீர் வாய்க்காலில் விட்டுவிட்டால், அதில் இறங்குவது மலத்தில் இறங்குவதுதான். 2013ஆம் ஆண்டுச் சட்டம் மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்கிறது. கழிவுநீர்க் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. சுத்தப்படுத்தும் ஒப்பந்தம் எதுவானாலும் கையால் அள்ளக் கூடாது என்ற நிபந்தனை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த மதகில் அடைப்பு, எந்தப் பாலத்தடியில் நீர் நின்று சுழல்கிறது என்பது வரைபடம் போட்டவரைவிட இறங்கி வேலை செய்தவருக்குத்தான் தெரியும். அவர்களைக் கூலிக்கு அழைக்கிறார்கள், கூட்டத்துக்கு அழைப்பதில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேலை. இந்த மழையில் தெருவில் தண்ணீர் ஏறியதும், அது நின்ற உயரத்தில் சுவரில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, தேதியும் நேரமும் எழுதுங்கள். வடிய எத்தனை மணி நேரமானது என்பதையும் நோட்டில் குறியுங்கள். மேல்தெருவில் ஒரு கோடு, நம் தெருவில் ஒரு கோடு, ஆற்றுவாய் மதகில் ஒரு கோடு. வாய்க்கால் வேலை முடிந்த பிறகு அடுத்த ஐப்பசியிலும் அதே மூன்று இடங்களில் அளந்து, பழைய கோட்டுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.