தீர்ப்பாயத்தின் ஆணை யாரைக் கட்டுப்படுத்தும்?

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் இடம்பெற்றது. சுற்றுலா வளரும் ஊர்களில் விடுதிக்கும் மனைப்பிரிவுக்கும் நிலம் தேடப்படும். அப்போது எளிதில் பறிபோகக்கூடியவை தலித் மக்களின் நிலங்களே. "அரசே அனுமதி தந்துவிட்டது, தீர்ப்பாயமும் உறுதிசெய்துவிட்டது, இனி எந்த நீதிமன்றமும் தலையிடாது" என்ற பேச்சு அங்கே அடிக்கடி எழும். சட்டம் அவ்வாறு கூறவில்லை.

ஓர் ஆணை இரு வகையில் கட்டுப்படுத்தலாம். ஒன்று, பிற வழக்குகளுக்கும் சட்டமாக அமையும் முன்தீர்ப்பு. அரசமைப்புச் சட்டத்தின் 141ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றம் வகுக்கும் சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு அதன் எல்லைக்குள் உள்ள கீழமை நீதிமன்றங்களையும் தீர்ப்பாயங்களையும் கட்டுப்படுத்தும். நிலத் தீர்ப்பாயத்தின் கருத்துக்கு அந்தத் தகுதி இல்லை. அதன் காரணங்கள் வலுவாக இருந்தால் நீதிமன்றம் அவற்றைக் கருத்தில் கொள்ளலாம், அவ்வளவே.

மற்றொன்று, அதே தரப்பினருக்கு இடையிலான தடை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் 1976இல் சேர்க்கப்பட்ட விளக்கத்தின்படி, வரையறுக்கப்பட்ட அதிகாரம் கொண்ட மன்றமும் தனக்குரிய பிரச்சினையை இறுதியாக முடிவுசெய்துவிட்டால், அதே பிரச்சினையைப் பின்னொரு வழக்கில் மீண்டும் எழுப்ப இயலாது. தனக்கு அதிகாரமில்லாத ஒன்றைப் பற்றி அம்மன்றம் கூறியதற்கு இந்த வலிமை கிடையாது.

இவ்வேறுபாடே தலித் மக்களுக்கு அரணாகிறது. திட்டமிடல் அதிகாரிகள் சாலையின் அகலம், திறந்தவெளி, நிலப் பயன்பாடு ஆகியவற்றை ஆராய்கின்றனர். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கே கட்டுமானத்துக்குத் தனி அனுமதி வேண்டும். இவ்வனுமதிகளில் எதுவும் நிலம் யாருடையது என்பதைத் தீர்மானிப்பதில்லை.

செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் சென்னை மாகாண அரசு பிறப்பித்த ஆணையிலிருந்து பஞ்சமி நிலத்தின் வரலாறு தொடங்குகிறது. இந்நிலங்களை முதல் பத்தாண்டுகளுக்கு எவருக்கும் விற்கக்கூடாது. அதன் பின்னரும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது ஒப்படை நிபந்தனை. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கிடைத்ததால் இந்நிபந்தனை அழிந்துவிடாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் ஒப்படை நிலங்களை மீட்கும் கர்நாடகச் சட்டத்தை மஞ்சேகவுடா வழக்கில் (1984) உச்ச நீதிமன்றம் செல்லுமென ஏற்றது.

சட்டத்தில் "இறுதியானது" என்ற சொல் இருப்பதாலும் கதவு முழுதாக மூடப்படுவதில்லை. தீர்ப்பாய ஆணைகள் உயர் நீதிமன்றத்தின் நீதிப் புனராய்வுக்கு உட்பட்டவை என்று 1997இல் எல். சந்திரகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. அதிகாரமுள்ள மன்றத்தில் எழுப்பியிருக்க வேண்டிய வாதத்தை எழுப்பாமல் விட்டால், அதுவே பின்னர் தடையாகலாம். ஆகவே மூல ஒப்படை ஆணை, அ-பதிவேடு, வில்லங்கச் சான்று ஆகியவற்றைத் திரட்டி, பஞ்சமி நிபந்தனையை முதல் மன்றத்திலேயே எழுத்தில் பதியவைக்க வேண்டும். ஆணை பாதகமாக வந்தால் மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிடக்கூடாது.