முப்பது நாள் மேசை

எரியோடு திண்டுக்கல் மாவட்டத்துப் பேரூராட்சி. ஆனால் மக்களவைத் தேர்தல் என்றால் ஊர்க்காரர்கள் ஓட்டுப் போடுவது கரூர் தொகுதிக்கு. வேடசந்தூர் சட்டமன்றத் தொகுதி கரூருக்குள் வருவதால் இந்த ஏற்பாடு. கலெக்டர் ஒரு பக்கம், எம்.பி. இன்னொரு பக்கம் என்பது பழகிப்போன விஷயம்தான். இப்போது அந்த எம்.பி.யிடம் கேட்க ஒரு புதுக் கேள்வி வந்திருக்கிறது.

2025 அக்டோபரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. ஒரு டன் பொருளைத் தயாரிக்க ஆலை எவ்வளவு கரியமில வாயுவை வெளியிடலாம் என்று வரம்பு வைக்கும் விதி. அதைத் தாண்டினால் கார்பன் சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் அதன் சராசரி விலையைப் போல இரண்டு மடங்கு இழப்பீடு கட்ட வேண்டும். முதல் பட்டியலில் சிமென்ட், அலுமினியம், காகிதம், குளோர்-ஆல்கலி என நான்கு துறைகள், 282 ஆலைகள். எரியோட்டிலிருந்து குஜிலியம்பாறைப் பக்கம் போனால் கரிக்காலியில் சிமென்ட் ஆலை இருக்கிறது. திட்டத்துக்கெனத் தேர்ந்த ஒன்பது துறைகளில் ஜவுளியும் ஒன்று. வேடசந்தூர் வட்டாரமோ ஸ்பின்னிங் மில்களால் பிழைக்கிறது. சின்ன மில்களை இது தொடாது என்றாலும், பெரிய மில்லின் கணக்கு மாறினால் கூலியிலும் ஷிஃப்ட்டிலும் அது தெரியாமல் போகாது.

இந்த எண்களுக்கு நாடாளுமன்றத்தில் யாரும் கை தூக்கவில்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-இல் அதிகாரத்தை அமைச்சகத்துக்குக் கொடுத்தது. எண்களை எழுதுவது அதிகாரிகள். அதில் பெரிய தவறில்லை. எந்த ஆலைக்கு எவ்வளவு புகை என்று 543 பேர் உட்கார்ந்து முடிவுசெய்ய முடியாது. எழுதியதை யார் சரிபார்க்கிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவு ஒரு வழி சொல்கிறது. விதி வெளியான பிறகு இரு அவைகளின் மேசையிலும் மொத்தம் முப்பது நாள் வைக்க வேண்டும். இரு அவைகளும் ஒத்துக்கொண்டால் திருத்தலாம், ரத்தும் செய்யலாம். ஆனால் விதி ஏற்கெனவே அமலில் இருக்கும். ரத்தானாலும் அதுவரை அதன்படி நடந்தவை செல்லும். வீடு கட்டி முடித்த பிறகு வரைபடத்தைக் காட்டுவது போன்ற ஏற்பாடு இது. அதோடு, சட்டம் பேசுவது 'விதி'யைப் பற்றி. அமைச்சகம் அனுப்பும் அலுவலகக் குறிப்பாணைகள் இந்தக் கணக்கில் சேராது. முன்அனுமதி இல்லாமல் தொடங்கிய திட்டங்களைப் பிறகு முறைப்படுத்த 2021 ஜூலையில் வந்தது அப்படியொரு குறிப்பாணைதான். சில நாளிலேயே அதை நிறுத்திவைத்தது, திண்டுக்கல்லுக்கும் உரிய உயர் நீதிமன்ற மதுரைக் கிளை.

மேசை எவ்வளவு பலவீனமானது என்பதற்கு 2020-ஐப் பார்த்தால் போதும். அந்த ஆண்டு மார்ச் 23 அன்று நாடாளுமன்றம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. மார்ச் 25-இல் ஊரடங்கு. மார்ச் 28-இல் ஓர் அறிவிக்கை: சாலை, குழாய்ப் பாதை போன்ற நீளவாக்குத் திட்டங்களுக்கு மண் அள்ள இனி சுற்றுச்சூழல் முன்அனுமதி வேண்டாம். பொதுமக்களிடம் ஆட்சேபம் கேட்கவே இல்லை. பொதுநலன் கருதி அதைத் தவிர்க்கலாம் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் விதி 5(4) இடம் கொடுக்கிறது. எல்லாரும் வீட்டுக்குள் அடைந்திருந்த வாரத்தில், வேலையே நின்றுபோன சாலைகளுக்கு மண்ணெடுக்க இத்தனை அவசரம் ஏன்? ஏரியிலும் தோட்டத்து ஓரத்திலும் சவுடு மண் போவதைப் பார்த்துப் பழகியவர்கள் கேட்டிருப்பார்கள். கேட்க யாரும் விடவில்லை. 2024 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள்!

அதே கோடையில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் புது வரைவும் வந்தது. கருத்துக் கேட்புக்கு மக்களுக்குத் தரும் அவகாசத்தை முப்பது நாளிலிருந்து இருபதாகக் குறைக்கும் வரைவு. வந்தது இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும். பிற மொழிகளிலும் வெளியிடச் சொல்லி, கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது டில்லி உயர் நீதிமன்றம். நாடாளுமன்றம் மறுபடி கூடியதோ செப்டம்பர் 14-இல். ஆட்சேபம் சொல்லும் காலம் முழுவதும் அவை பூட்டிக் கிடந்தது. சுற்றுச்சூழல் நிலைக்குழுத் தலைவராக இருந்த ஜெய்ராம் ரமேஷால் அமைச்சருக்குக் கடிதம்தான் எழுத முடிந்தது.

அமெரிக்காவில் மேசைக்குக் கொஞ்சம் பல் உண்டு. 1996-இல் வந்த சட்டப்படி, நிர்வாகம் எழுதிய விதியை நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் வீழ்த்தலாம். 2025-இல் எண்ணெய், எரிவாயு நிறுவனங்களின் மீத்தேன் கட்டண விதியை அப்படித்தான் வீழ்த்தினார்கள். மார்ச்சில் டிரம்ப் கையெழுத்திட்டார். ஆகவே மேற்பார்வை இருந்தால் காற்று சுத்தமாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே யார் எப்படி வாக்களித்தார் என்பது பதிவில் இருக்கிறது. தொகுதிக்காரர் பார்த்துக் கேட்கலாம்.

இங்கேயும் எம்.பி. கையில் ஒன்றுமில்லை என்பதில்லை. விதி மேசைக்கு வந்தபின் திருத்தத் தீர்மானத்துக்கு நோட்டீஸ் தரலாம். விதிகளை ஆராயவென்றே இரு அவைகளிலும் துணைநிலைச் சட்டக் குழுக்கள் உண்டு. கார்பன் வரம்பு போல ஒரு வட்டாரத்தின் தொழிலையே தொடும் விதியை, அரசிதழில் ஏறும் முன்பே நிலைக்குழுவுக்கு அனுப்பச் சட்டம் திருத்தலாம் என்பது என் கட்சி. நூற்பாலை முதலாளிகளுக்கு டில்லியில் பேசச் சங்கங்கள் இருக்கின்றன. எரியோட்டில் ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணுக்கு அப்படியொரு விதியின் வரைவு தமிழில்கூடக் கிடைப்பதில்லை. உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது மண் விலக்கை மட்டுமே. ஆட்சேபம் கேட்காமலே அறிவிக்கை போட இடம் தரும் விதி 5(4) அப்படியே இருக்கிறது.