பெருமரம் விறகுக்கு ஆகுமா?

தீக்குச்சிக்கும் பெட்டிப் பலகைக்கும் விலைபோகும் பெருமரத்தை (சில ஊர்களில் பீநாறி மரம் என்பர்) அடியோடு வெட்டி அடுப்புக்கு அனுப்புவது நஷ்டம். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழில் நடப்பதால், நேரான அடிமரத்தை அதற்கு விற்றுவிட்டு, கோணல் கிளைகளை மட்டும் விறகாக்குவதே சரி. தழையை ஆடுகள் விரும்பித் தின்னும்.

விறகு என்ற அளவில் இது மட்டமா? எடைக்கு எடை பார்த்தால் அப்படியில்லை. நன்கு காய்ந்த எந்தக் கட்டையும் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரே அளவு வெப்பம்தான் தரும். ஆனால் பெருமரம் லேசான மரம். காய்ந்த கட்டை கன மீட்டருக்கு 400 முதல் 450 கிலோதான் இருக்கும். சவுக்கு அதைப்போல் சுமார் இரு மடங்கு. ஆகவே ஒரு வண்டி பெருமர விறகில் ஒரு வண்டிச் சவுக்கின் பாதி வெப்பமே கிடைக்கும். வண்டிக் கணக்கில் வாங்குவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். சட்டென்று பற்றி, மளமளவென்று எரிந்து, கங்கு நிற்காமல் சாம்பலாகிவிடும். அடுப்பு மூட்டவும் வெந்நீர் வைக்கவும் ஏற்றது. நெல் அவிக்க இதை மட்டும் நம்பக்கூடாது, வேல விறகோடு கலந்து எரிக்கலாம்.

எடைக்கு வாங்கினால் வேறொரு ஏமாற்றம் உண்டு. பச்சை விறகில் எடையில் பாதி தண்ணீராக இருக்கும். அடுப்பில் முதலில் அந்தத் தண்ணீர் ஆவியாக வேண்டும். கணக்குப் பார்த்தால், ஒரு கிலோ பச்சை விறகில் கிடைக்கும் வெப்பம் காய்ந்த விறகில் கிடைப்பதில் பாதிதான். மிஞ்சுவது புகை, அது சமைப்பவரின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் கேடு.

பண்பொழி, மேக்கரை, செங்கோட்டைப் பக்கம் காயவைப்பதில் தனிக் கவனம் வேண்டும். ஆனி, ஆடியில் சாரல் பிடித்துவிட்டால் விறகு காயாது. எனவே வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தை, மாசியில் கிளைகளைக் கழித்து, உடனே பிளந்துவிட வேண்டும். முழுக்கட்டையாகக் கிடந்தால் நடு ஈரம் போகாது. தரையில் போடாமல் கல் வைத்து, அதன்மேல் காற்றுப் புக இடைவெளி விட்டு அடுக்கவும். பங்குனி, சித்திரை வெயிலில் காய்ந்ததை வைகாசி முடிவதற்குள் கொட்டகைக்குள் ஏற்றிவிடலாம். நுனியில் வெடிப்புக் கண்டு, இரு துண்டுகளைத் தட்டினால் கணீரென்று ஒலித்தால் பதம். சந்தேகமிருந்தால் ஒரே துண்டை வாரம் ஒருமுறை எடை போடலாம். எடை குறைவது நின்றதும் எரிக்கலாம்.

இம்மரத்தைப் பூச்சியும் கரையானும் எளிதில் தாக்கும். அடுத்த சாரலுக்கென்று சேமித்து வைக்காமல், அந்தந்த ஆண்டே எரித்துத் தீர்த்துவிடுவது நல்லது.