காட்டுத்தீயின் நடுவே கற்ற பாடம்

ஒரு கேள்வியுடன் தொடங்குவோம். உங்களைக் காட்டுத்தீ துரத்தி வருகிறது. முன்னால் செங்குத்தான மலைச்சரிவு. அதில் முழங்காலுக்கு மேல் வளர்ந்து காய்ந்து நிற்கும் புல். தீ உங்களை எட்ட இன்னும் ஒரு நிமிடமோ, அதற்கும் குறைவோதான். உங்கள் சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டி இருக்கிறது. என்ன செய்வீர்கள்?

"ஓடுவேன்" என்றுதான் நம்மில் பெரும்பாலோர் சொல்வோம். 1949-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் மாலை, அமெரிக்காவின் மான்டனா மாநிலத்தில், மேன் கல்ச் என்ற மலைப் பள்ளத்தாக்கில் 16 பேர் இதே நிலையில் சிக்கிக்கொண்டனர். அவர்களில் ஒருவர் மட்டும் ஓட்டத்தை நிறுத்தினார். தீக்குச்சியைக் கிழித்துத் தமக்கு முன்னால் இருந்த புல்லுக்குத் தீ வைத்தார். புல் எரிந்து கருகிய இடத்துக்குள் நுழைந்து, ஈரத் துணியால் வாயை மூடிக்கொண்டு சாம்பலில் குப்புறப் படுத்தார். துரத்தி வந்த பெருந்தீ அவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. அவர் பிழைத்தார்.

"எல்லாரும் இதற்குள் வாருங்கள்" என்று அவர் கூவி அழைத்தார். ஒருவர்கூட வரவில்லை. 13 பேர் இறந்தார்கள். உயிர் காக்கும் வழி கண் முன்னே இருந்தும் அவர்கள் ஏன் அதை ஏற்கவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான், தொலைதூரக் காடுகளில் பணியாற்றுவோரின் பாதுகாப்பு என்பது வெறும் கருவிகளால் ஆனது அன்று என்ற உண்மை புலப்பட்டது.

தீ ஏன் மேட்டில் விரைந்து ஏறுகிறது?

எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் தீ உண்டாகும். இவற்றில் ஒன்றை நீக்கினாலும் தீ அணையும். காட்டின் நடுவே தண்ணீர் கிடைப்பது அரிது. எனவே அங்கே பணியாற்றும் தீயணைப்போர் பெரும்பாலும் எரிபொருளையே நீக்குகிறார்கள். மண்வெட்டி, கோடரி ஆகியவற்றைக் கொண்டு புல்லையும் புதரையும் அகற்றி, வெறும் மண்ணாலான ஒரு பட்டையைத் தீயின் வழியில் உண்டாக்குகிறார்கள். இதற்குத் தீத்தடுப்புக் கோடு என்று பெயர்.

சமதரையில் எரியும் தீயின் சுவாலை மேல் நோக்கி எழும். முன்னால் உள்ள புல்லுக்கு அதன் வெப்பம் ஓரளவே போய்ச் சேரும். மலைச்சரிவில் நிலைமை வேறு. அங்கே மேட்டுப் பக்கத்துப் புல் சுவாலைக்கு மிக அருகில் இருக்கிறது. வெப்பக் கதிர்வீச்சும், மேலெழும் சூடான காற்றும் அந்தப் புல்லை முன்கூட்டியே உலர்த்திச் சூடாக்கிவிடுகின்றன. அதனால் அது சட்டென்று பற்றிக்கொள்கிறது. சரிவு 10 டிகிரி கூடும்போதெல்லாம் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது ஆஸ்திரேலியத் தீயணைப்போர் கையாளும் தோராயமான விதி. அப்படியானால் 30 டிகிரி சரிவில் எத்தனை மடங்கு? 2 × 2 × 2, அதாவது 8 மடங்கு! மனிதனுக்கோ நேர் எதிர். ஏற்றம் கூடக் கூட அவன் வேகம் குறைந்துகொண்டே போகும்.

காய்ந்த புல், சரிவு, காற்று ஆகிய மூன்றும் கூடினால் என்ன நேரும் என்பதை நாமும் அறிவோம். 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம் தேனி மாவட்டத்தின் குரங்கணி மலைச்சரிவில் மலையேறச் சென்றிருந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, பலர் உயிரிழந்தார்கள்.

அன்று நடந்தது என்ன?

இனி மேன் கல்ச்சுக்குத் திரும்புவோம். அங்கே போனவர்கள் சாதாரணத் தீயணைப்போர் அல்லர். விமானத்திலிருந்து பாரசூட் மூலம் குதித்துக் காட்டுத்தீயை அணைக்கும் வீரர்கள். இந்த முறை 1940-இல் தொடங்கியது. அதன் பின் ஒன்பது ஆண்டுகளில் ஒரு பாரசூட் வீரர்கூடத் தீயில் சிக்கி இறந்ததில்லை. ஆகவே அவர்களுக்குத் தன்னம்பிக்கை மிகுதி. மறுநாள் காலை 10 மணிக்குள் தீயை அடக்கிவிடலாம் என்றே எண்ணினார்கள்.

மாலை 4 மணியளவில் 15 பேர் குதித்தனர். வானொலிக் கருவியைச் சுமந்த பாரசூட் விரியவில்லை. கருவி தரையில் மோதி நொறுங்கியது. அந்த நொடியே வெளியுலகத் தொடர்பு அற்றுப் போயிற்று. ஏற்கெனவே அங்கே தனியாகத் தீயுடன் போராடிக்கொண்டிருந்த வனக் காவலர் ஒருவரும் அவர்களுடன் சேர்ந்துகொண்டார். வீரர்கள் சாப்பிட்டார்கள், ஒருவர் தீயைப் படம்கூடப் பிடித்தார். பிறகு பள்ளத்தாக்கு வழியே மிசௌரி ஆற்றை நோக்கி இறங்கினார்கள். ஆற்றருகே நின்றால் தீ தங்களை நெருங்க முடியாது என்பது அவர்கள் திட்டம்.

ஆனால் தீ அதற்குள் பள்ளத்தாக்கின் வாயைக் கடந்து, அவர்களுக்கும் ஆற்றுக்கும் இடையே புகுந்துவிட்டது. அதைப் பார்த்துச் சொல்ல உயரமான இடத்தில் யாரும் நிறுத்தப்படவில்லை. மாலை 5.45 மணியளவில்தான் தலைவர் வாக் டாட்ஜ் அதைக் கண்டார். உடனே எல்லாரையும் திருப்பி மேட்டை நோக்கி நடத்தினார். சில நிமிடங்களில் "கருவிகளைப் போட்டுவிடுங்கள்" என்று ஆணையிட்டார். அதற்கடுத்த ஓரிரு நிமிடங்களில் தீக்குச்சியைக் கிழித்தார். தீயைக் கண்டு திரும்பியதிலிருந்து அது அவர்களைச் சூழும் வரை கழிந்தது ஏறத்தாழ 12 நிமிடங்களே.

டாட்ஜைத் தவிர இருவர் மட்டும் மலை முகட்டுப் பாறையில் இருந்த ஓர் இடுக்கின் வழியாக மறுபக்கம் சென்று தப்பினார்கள். அவர்களில் ஒருவருக்கு வயது 17. ஏறக்குறைய உங்கள் வயதுதான்!

அவர்கள் ஏன் வரவில்லை?

டாட்ஜ் செய்தது அறிவியலுக்கு முற்றிலும் பொருந்தியது. புல் மிக மெல்லிய எரிபொருள். சில நொடிகளில் எரிந்து தீர்ந்துவிடும். எரிந்த இடத்தில் மீண்டும் எரிய எதுவும் இராது. எரிபொருளை நீக்குவது என்ற அதே தத்துவம்தான். வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழ்ந்த பழங்குடி மக்கள் இந்த உத்தியை முன்பே அறிந்திருந்தார்கள்.

ஆயினும் அந்த வீரர்களின் பயிற்சியில் இது இடம்பெறவில்லை. தீயிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் ஒருவன் தன் தலைவர் இன்னொரு தீயை மூட்டுவதைக் கண்டால் என்ன நினைப்பான்? தலைவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்றுதான் நினைப்பான். மேலும் அவர்கள் ஒரே குழுவாக நெடுநாள் சேர்ந்து பழகியவர்கள் அல்லர். தீயின் இரைச்சலுக்கு நடுவே விளக்கிச் சொல்ல நேரமும் இல்லை. அறிவு ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்தது. குழுவுக்குச் சொந்தமாக இருக்கவில்லை. ஆபத்து வந்தபின் அதைப் பகிர்ந்துகொள்ள முடியவில்லை.

பாடம் விதியாகிறது

1957-இல் அமெரிக்க வனத்துறை ஒரு குழுவை அமைத்து, அதற்கு முந்தைய ஆண்டுகளில் உயிர்களைப் பலிகொண்ட காட்டுத்தீக்களை ஆராய்ந்தது. அதன் பயனாகப் பத்துக் கட்டளைகள் பிறந்தன. வானிலையைத் தெரிந்துகொண்டே இரு, தீ என்ன செய்கிறது என்பதை எப்போதும் அறிந்திரு, தப்பும் வழியை எல்லாருக்கும் தெரிவி, ஆணையைத் தெளிவாகச் சொல், அது புரிந்ததா என்று உறுதி செய்துகொள் ஆகியவை அவற்றுள் சில.

1960-இல் மான்டனாவின் மிசூலா நகரில் காட்டுத்தீ ஆய்வுக்கூடம் ஒன்று தொடங்கியது. அங்கே பணியாற்றிய ரிச்சர்ட் ராதர்மெல் என்ற பொறியாளர், காற்று, சரிவு, எரிபொருளின் ஈரம் ஆகியவற்றைக் கொண்டு தீ பரவும் வேகத்தைக் கணக்கிடும் முறையை 1972-இல் வெளியிட்டார். பின்னர் 1993-இல் மேன் கல்ச் தீயையே கணக்கிட்டுப் பார்த்து, அது வெல்ல முடியாத ஓட்டப்பந்தயம் என்று எழுதினார்.

1977 முதல் ஒவ்வொரு வீரரும் ஒரு சிறு பாதுகாப்புக் கூடாரத்தை இடுப்பில் சுமந்து செல்வது கட்டாயமாயிற்று. அலுமினியத் தகடும் கண்ணாடி இழையும் சேர்ந்த போர்வை போன்றது அது. கண்ணாடி ஒளியைத் திருப்புவதுபோல, பளபளப்பான அதன் மேற்பரப்பு வெப்பக் கதிர்களைத் திருப்பி அனுப்பும். ஆனால் சுவாலை நேரடியாகத் தொட்டால் அது நெடுநேரம் தாங்காது.

நான்கு சொற்கள்

விதிகள் பெருகினால் நினைவில் நிற்பது கடினம் அல்லவா? 1990-இல் அரிசோனா மாநிலத்தில் ஒரு காட்டுத்தீயில் 6 பேர் இறந்தனர். அங்கே பணியாற்றிய பால் கிளீசன் என்ற குழுத் தலைவர் மறு ஆண்டு எல்லாவற்றையும் நான்கு சொற்களில் அடக்கினார்: கண்காணிப்பாளர், தொடர்பு, தப்பும் வழி, பாதுகாப்பிடம்.

தீயையும் குழுவையும் ஒருசேரப் பார்க்கும்படி ஒருவரை உயரமான இடத்தில் நிறுத்த வேண்டும். அவர் காண்பது உடனே எல்லாருக்கும் எட்ட வேண்டும். தப்பும் வழி ஒன்றுக்கு மேல் இருக்க வேண்டும். காலையில் சரியாக இருந்த வழி மாலையில் பயன்படாமல் போகலாம். அந்த வழி உண்மையான பாதுகாப்பிடத்தில் போய் முடிய வேண்டும். சமதரையில், காற்று இல்லாதபோது, சுவாலையின் உயரத்தைப் போல் குறைந்தது 4 மடங்கு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்பது கணக்கு. சுவாலை 10 மீட்டர் என்றால் 40 மீட்டர். சரிவும் காற்றும் இருந்தால் இன்னும் அதிகம். இவை நான்கும் அமையும் முன் வேலையைத் தொடங்கக் கூடாது.

மேன் கல்ச்சில் இந்த நான்கில் எத்தனை இருந்தன என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

'மாட்டேன்' என்று சொல்லும் உரிமை

1994 ஜூலை 6-இல் கொலராடோ மாநிலத்தின் புயல் மன்னன் எனப் பொருள்படும் மலையில் 14 பேர் இறந்தனர். திடீரென வீசிய காற்று தீயை மேட்டை நோக்கி விரட்டியது. இங்கும் ஓடியவர்களில் சிலர் கருவிகளையும் முதுகுச் சுமையையும் போட்டுவிடாமலே ஓடியிருந்தார்கள். கருவியைக் கைவிடாதே என்று பழகிய கை, நெருக்கடியில் அதைக் கீழே போட மறுக்கிறது. ஆகவே அதைக் கீழே போடுவதையும் பயிற்சியாகவே கற்க வேண்டும்.

இதைவிடக் கடினமான பயிற்சி ஒன்று உண்டு. அது, மூத்தவரிடம் "இது ஆபத்து" என்று இளையவர் சொல்வது. இன்று அமெரிக்கக் காட்டுத்தீ வீரர்கள் பையில் வைத்திருக்கும் கையேட்டில் ஆபத்தான பணியை மறுப்பது எப்படி என்றே ஒரு பகுதி இருக்கிறது. மறுப்பவர் காரணத்தைச் சொல்ல வேண்டும். இயன்றால் மாற்று வழியும் சொல்ல வேண்டும். அதே வேலையைத் தலைவர் வேறொரு குழுவிடம் ஒப்படைத்தால், முன்னவர்கள் மறுத்தார்கள் என்பதையும் அதன் காரணத்தையும் அந்தக் குழுவுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறுப்பது கோழைத்தனமாகக் கருதப்படுவதில்லை. அதுவும் ஒரு செய்தியே.

வேலை முடிந்த பின் எல்லாரும் வட்டமாக நின்று நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்கிறார்கள். என்ன செய்யத் திட்டமிட்டோம்? உண்மையில் என்ன நடந்தது? ஏன் அப்படி நடந்தது? அடுத்த முறை என்ன செய்யலாம்? யார் மீது பழி என்ற கேள்வி இங்கே இல்லை. பழி வருமென்று அஞ்சினால் தவறுகள் மறைக்கப்படும். மறைந்த தவறு மீண்டும் ஒருவரைக் கொல்லும்.

இத்தனைக்குப் பிறகும் துயரம் ஒழிந்துவிடவில்லை. 2013 ஜூன் 30-இல் அரிசோனாவில் யார்னல் மலைத் தீயில் 19 பேர் பாதுகாப்புக் கூடாரங்கள் இருந்தும் இறந்தார்கள். ஏற்கெனவே எரிந்து பாதுகாப்பாக இருந்த இடத்தை விட்டு, எரியாத புதர்களின் வழியே அவர்கள் சென்றார்கள். எங்கே போகிறார்கள் என்பது மற்றவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. கருவி இருந்தது, பயிற்சி இருந்தது, நான்கு சொற்களில் ஒன்று அறுந்தது.

எனவே பாதுகாப்பு என்பது ஒரு முறை வாங்கி வைக்கும் பொருள் அன்று. நாள்தோறும் செய்யும் பழக்கம். நில அளவைக்காகக் காட்டுக்குள் போவோருக்கும், மலை மேல் மின்கம்பி சீர் செய்வோருக்கும், ஆழ்கடலில் மீன் பிடிப்போருக்கும் இது பொருந்தும். உதவி வந்து சேர நேரமாகும் இடங்களில், குழுதான் முதல் உதவி.

அடுத்த முறை பள்ளியிலிருந்து மலைக்கோ காட்டுக்கோ சுற்றுலா செல்லும்போது, புறப்படும் முன் உங்கள் ஆசிரியருடன் உட்கார்ந்து பேசுங்கள். யார் பார்த்துக்கொள்வது? எப்படிச் செய்தி சொல்வது? எந்த வழியாகத் திரும்புவது? எங்கே போய் நிற்பது? இந்த நான்குக்கும் விடை ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. கடைசி வரிசையில் நடக்கும் மாணவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மேன் கல்ச்சில் டாட்ஜுக்குத் தெரிந்தது மற்ற 15 பேருக்கும் முன்பே தெரிந்திருந்தால், அன்று மாலை அந்தச் சாம்பலிலிருந்து அவருடன் இன்னும் பலர் எழுந்து வந்திருக்கக்கூடும்.