அடமானம் எழுதுமுன் பழங்கடனை ஒழுங்குசெய்தல்

நிலத்தை ஈடுகாட்டிக் கடன் பெற முயலும் குடியானவர்களிற் பலர், மனு அங்கீகரிக்கப்பட்டதென்று கேட்டவுடனே பணம் கைக்கு வந்துவிட்டதாக எண்ணிவிடுகின்றனர். கடனுக்கு அனுமதி கிடைப்பது வேறு. அடமானப் பத்திரம் எழுதி, ரிஜிஸ்தர் செய்து, பணம் பட்டுவாடா ஆவது வேறு. இவ்விரண்டிற்கும் இடையே சில வாரங்கள் கழிவதுண்டு. முன்னர்ச் சொல்லாது விட்ட பழங்கடன் வெளிப்படுவதும், புதிதாக ஏற்ற கடன் கணக்கைக் கெடுப்பதும் இக்காலத்திலேயே ஆகும். ஆகையால் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் பத்திரத்திற் கையொப்பமிடுமுன் தம் கடன்நிலையை நன்கு ஆராய்ந்து ஒழுங்குசெய்தல் அவசியம்.

பழங்கடன் உள்ளவருக்குக் கடன் கிடையாதென்று அஞ்சுதல் தவறு. 1929-ஆம் ஆண்டிற் சென்னையில் மத்திய நில அடமான வங்கி ஏற்பட்ட காலத்தில், குடியானவர்களின் முன்கடனைத் தீர்ப்பதே அத்தகைய வங்கிகள் கடன் கொடுத்ததன் பிரதான நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. கடன் இருப்பது குற்றமன்று; அதை மறைப்பதே கேடு.

முதற்காரியம்: ஜாபிதா

கடன்கள் அனைத்தையும் ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதுதல் வேண்டும். ரிஜிஸ்தரான அடமானம், பிராமிசரி நோட்டு, நகையீட்டுக் கடன், கைமாற்று, சீட்டுப் பாக்கி, கடையிற் பற்று ஆகிய யாவும் அதில் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் அசல், வட்டி, தவணை, கடைசியாகச் செலுத்திய தேதி ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். பிறருக்காகத் தாம் நின்ற ஜாமீனையும் விடலாகாது. மைத்துனருக்காகக் கையொப்பமிட்டது தம் கடனன்று என்று பலர் நினைக்கின்றனர். அவர் தவறினால் அத்தொகைக்கு ஜாமீன்தாரரே பொறுப்பாளியாதலால், கடன் கொடுப்போர் அதையும் கணக்கிற் சேர்த்தே பார்ப்பர்.

வில்லங்கச் சான்று காட்டுவதும் காட்டாததும்

சொத்துரிமை மாற்றச் சட்டம் 1882-இன்படி, ஒரே நிலத்தின்மேல் இருவருக்கு அடமானம் எழுதப்பட்டால், பொதுவாக முந்தியவரின் உரிமையே முந்தும். ஆதலால் கடன் கொடுப்போர் தம் அடமானமே முதலாவதாக இருக்க வேண்டுமென்பர். ரிஜிஸ்தரார் அலுவலகத்து வில்லங்கச் சான்றைக் கேட்பது இதன் பொருட்டே. பல ஆண்டுகளுக்கு முன் தீர்ந்துபோன அடமானமும், தீர்ந்ததற்கு ரசீது ரிஜிஸ்தர் செய்யப்படாவிடில், அச்சான்றில் உயிரோடிருப்பது போலவே தோன்றும். அதை ஈடுபெற்றவரோ அவர் வாரிசோ உள்ளபொழுதே ரசீது எழுதி வாங்கிப் பதிவுசெய்துகொள்ளுதல் நலம்.

வில்லங்கச் சான்றிற் பதிவான பத்திரங்களே தோன்றும். பிராமிசரி நோட்டும் கைமாற்றும் அதில் வரா. எழுத்தின்றி மூலப்பத்திரத்தை ஒருவரிடம் ஒப்புவித்துப் பெற்ற கடனும் வராமலிருக்கலாம். மூலப்பத்திரத்தையே நேரிற் காட்டும்படி கேட்பது இதனாலேயே. நோட்டுக்கடன் நிலத்தைத் தொடாதென்றும் எண்ணலாகாது. அக்கடன்காரர் வழக்கிட்டு டிக்கிரி பெற்றால் நிலத்தையே ஜப்தி செய்யக்கூடும். நோட்டுக்கடனைத் தீர்க்கும்பொழுது பணம் கொடுத்ததோடு நில்லாது, நோட்டையும் திரும்பப் பெற்று ரத்துசெய்தல் வேண்டும். நோட்டைப் புதுப்பித்தால் பழைய நோட்டைக் கைப்பற்றாது புதியதில் கையொப்பமிடலாகாது.

கடன் தகவல் அறிக்கை

முற்காலத்தில் ஒருவரது நாணயத்தைச் சங்கப் பஞ்சாயத்தார் நேரில் அறிந்திருந்தனர். இக்காலத்தில் அதனோடு எழுத்துப் பதிவும் சேர்ந்துள்ளது. கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் 2005-இன்கீழ் இயங்கும் சிபில் முதலிய நான்கு நிறுவனங்கள், வங்கிகளிடமிருந்து விவரம் பெற்று, ஒவ்வொருவர்க்கும் 300 முதல் 900 வரை மதிப்பெண் இடுகின்றன. தவணை தவறியதும், ஜாமீன் நின்றதும் அவ்வறிக்கையில் ஏறும். 2025-ஆம் ஆண்டு முதல் வங்கிகள் பதினைந்து நாட்களுக்கு ஒரு முறையேனும் விவரம் அனுப்ப வேண்டுமென்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகையால் மனுச் செய்த நாளில் இல்லாத கடன், பத்திரம் எழுதும் நாளில் அறிக்கையிற் காணப்படலாம்.

ஒவ்வொரு நிறுவனத்திடமிருந்தும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகப் பெற ஒவ்வொருவர்க்கும் உரிமையுண்டு. தம் அறிக்கையைத் தாமே கேட்டுப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. சில நாட்களுக்குள் பல வங்கிகளில் மனுச் செய்வதாற் குறையலாம். தீர்ந்த கடன் பாக்கியாகக் காட்டப்பட்டிருந்தால் உடனே ஆட்சேபம் எழுதுதல் வேண்டும். 30 நாட்களுக்குள் அது தீர்க்கப்படாவிடில், அதற்குமேல் ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 ஈடு உண்டு. ஆகவே, அறிக்கையை மனுச் செய்வதற்கு இரண்டு மாதம் முன்னரே பார்ப்பது உசிதம். ஒரு பகுதியைத் தள்ளுபடி பெற்றுச் சமரசமாகத் தீர்த்த கடன், முழுவதும் செலுத்தி முடித்த கடனைப்போல் மதிக்கப்படாதென்பதையும் அறிதல் வேண்டும்.

ஓர் உதாரணம்

மூன்று ஏக்கர் நிலமுடைய ஒரு குடியானவர் கிணறு வெட்ட ரூ.3,00,000 கடன் கேட்டதாக வைத்துக்கொள்வோம். குடும்பச் செலவு போக ஆண்டில் அவருக்கு மிஞ்சுவது ரூ.60,000. நூற்றுக்கு 10 வட்டியிற் பத்து ஆண்டுச் சமதவணை ஏறக்குறைய ரூ.49,000 ஆகும். இது அவர் சக்திக்கு உட்பட்டதே, கடனும் அனுமதிக்கப்பட்டது. பணம் வந்துவிடுமென்ற தைரியத்தில் அவர் வேலையாட்களை வைத்துக் கிணற்றைத் தோண்டத் தொடங்கினார்; மாதம் ரூ.2,500 தவணையில் மோட்டார் சைக்கிள் ஒன்றும் வாங்கினார். அத்தவணை ஆண்டுக்கு ரூ.30,000. இரண்டும் சேர்ந்து ரூ.79,000, மிச்சத்திற்கு மேல் ரூ.19,000 அதிகம். பத்திரம் எழுதுமுன் அறிக்கையை மறுபடி பார்த்தவர்கள் பட்டுவாடாவை நிறுத்தினர். பாதி தோண்டிய கிணறு மழையிற் சரிய, கூலிப் பாக்கிக்காக அவர் மீண்டும் கைமாற்றுக்கு அலைய நேர்ந்தது. வண்டியை மூன்று மாதம் பொறுத்து, அதையும் தம் மிச்சத்துக்குள் பார்த்து வாங்கியிருந்தால் இத்துன்பம் நேர்ந்திராது.

கவனிக்க வேண்டுவன

அனுமதிக்கும் பட்டுவாடாவுக்கும் இடையே புதுக்கடன் வாங்குதல், ஜாமீன் நிற்றல், சீட்டை முன்கூட்டி எடுத்தல் ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும். பழைய தவணைகளில் ஒன்றேனும் தவறலாகாது. நோய், சாவு முதலியவற்றால் கடன் வாங்குவது தவிர்க்க முடியாததாயின், அதைச் சங்கக் காரியதரிசியிடம் அன்றே தெரிவித்தல் நலம். தாமே சொன்ன கடனுக்குத் தொகையையோ தவணையையோ மாற்றியமைக்க வழியுண்டு.

புதுக்கடனில் முன்கடனைத் தீர்ப்பதானால், அத்தொகையைக் கடன்காரருக்கே நேராகக் கொடுக்கும்படி கேட்பது சிறந்தது. கைக்கு வந்த பணம் கலியாணச் செலவிற் கரைய, பழங்கடனும் புதுக்கடனும் ஒரே நிலத்தின்மேல் நிற்பது குடும்பத்தையே வீழ்த்தும். பழைய ஈடு வங்கியினிடம் இருந்தால், முழுத்தொகை செலுத்திய 30 நாட்களுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தருதல் வேண்டும். வங்கியின் தவற்றால் தாமதித்தால் நாள் ஒன்றுக்கு ரூ.5,000 ஈடு தர வேண்டுமென்பது 1-12-2023 முதல் அமலிலுள்ள விதி.

அடமானம் என்பது பிள்ளைகளின் சோற்றுக்குரிய நிலத்தைப் பந்தமாக வைப்பதாகும். கையொப்பமிடும் நாளில் ஜாபிதாவில் எழுதாத கடன் ஒன்றும் இல்லையென்று மனைவி மக்கள் அறியச் சொல்லக்கூடியவரே அப்பந்தத்தை அஞ்சாது ஏற்கலாம்.